பெட்டி நிறைய பழைய நிப்புகள்: எதை மாட்டி எழுதுவது, எதை எடுத்து வைப்பது?

வாசகர் ஒருவர் கேட்கிறார்: “பெரியப்பா விட்டுச்சென்ற தகரப் பெட்டியில் முந்நூறு நானூறு பழைய நிப்புகளும் நிப்பை மாட்டி மையில் தொட்டு எழுதும் நாலைந்து கட்டைப் பேனாக்களும் இருக்கின்றன. காப்பர்பிளேட் என்ற சாய்வான ஆங்கில அலங்கார எழுத்தை எழுதிப் பழக ஆரம்பித்திருக்கிறேன். எந்த நிப்பை மாட்டினாலும் மை ஒட்டாமல் முத்து முத்தாக நிற்கிறது. சில சமயம் மொத்தமாக இறங்கிக் காகிதத்தைக் கெடுக்கிறது. கோட்டை மேல்நோக்கி இழுத்தால் முனை குத்துகிறது. எல்லாம் பழசாகிவிட்டதால்தான் இப்படியா? புதிதாக வாங்கிவிடலாமா? சாய்வு ஹோல்டர் கட்டாயம் வேண்டுமா? பழைய நிப்புகளை எழுதித் தீர்ப்பதா, சேர்த்து வைப்பதா?”

நிப்புக்கு வயதானதால் இது எதுவும் வரவில்லை. துரு ஏறாத எஃகு நிப் நூறு வருடத்துக்கு முந்தையதாக இருந்தாலும் நன்றாக எழுதும். சில பழைய ரகங்கள் இன்று வரும் நிப்புகளைவிட நன்றாகவே எழுதுகின்றன. நீங்கள் சொன்ன மூன்று தொல்லைகளுக்கும் காரணம் மூன்று வேறு இடங்களில் இருக்கிறது. மை ஒட்டாததற்கு நிப்பின் மேல்பூச்சு, மொத்தமாக இறங்குவதற்கு மையும் மாட்டிய விதமும், குத்துவதற்குப் பிடிக்கும் கோணமும் அழுத்தமும். இந்த மூன்றையும் பார்த்த பிறகு நிப்பைக் குறை சொல்லலாம்.

மேல்பூச்சிலிருந்து தொடங்குவோம். தொழிற்சாலையிலிருந்து வெளிவரும்போதே துருப்பிடிக்காமல் இருக்க நிப்பின் மேல் எண்ணெயோ மெல்லிய வார்னிஷோ பூசியிருப்பார்கள். மை தண்ணீர் சார்ந்தது என்பதால் அதில் ஒட்டாது. ஒரு நிப்பை எடுத்துத் தண்ணீரில் முக்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். தண்ணீர் சின்னச் சின்ன மணிகளாகப் பிரிந்து நின்றால் பூச்சு இன்னும் இருக்கிறது. முனைவரை ஒரே சீராக ஈரப் படலமாகப் படர்ந்தால் நிப் தயார். இந்தச் சோதனைக்குப் பத்து விநாடிகூட ஆகாது. மை தொடுவதற்கு முன் ஒவ்வொரு புது நிப்புக்கும் நான் இதைச் செய்கிறேன்.

பூச்சை எடுக்கச் சாதாரண வெள்ளைப் பற்பசையும் பழைய பல்துலக்கியும் போதும். முனைப் பக்கம் நோக்கி மெதுவாகத் தேய்த்துக் கழுவி, உடனே துடைத்துவிடுங்கள். வார்னிஷ் கெட்டியாக இருந்தால் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சு உதவும். உருளைக்கிழங்கில் குத்தி வைக்கிறவர்கள் உண்டு. வேலை செய்யும், ஆனால் மறந்து விட்டுவிட்டால் துருப் பிடிக்கும். நாக்கில் வைத்து நனைக்கும் பழக்கமும் உண்டு. எத்தனையோ வருடம் எங்கெங்கோ கிடந்த உலோகத்தை வாயில் வைக்காதீர்கள்.

தீக்குச்சிச் சுடரில் காட்டுவதையும் பலர் சொல்வார்கள். நான் வேண்டாம் என்பேன். நிப்பின் உயிரே அதன் ஸ்பிரிங்தான். எஃகுத் தகட்டை வெட்டி, வளைத்து, சூடாக்கிக் கடினப்படுத்தி, பிறகு அளவான சூட்டில் பதப்படுத்தித்தான் அந்த ஸ்பிரிங்கைக் கொண்டுவருகிறார்கள். சுடரில் ஒரு விநாடி கூடினாலும் மெல்லிய முனை நீலம் பூத்துவிடும், பதம் போய்விடும். கற்றுக்கொண்ட நாட்களில் அருமையான மூன்று பழைய நிப்புகளை இப்படிக் கெடுத்திருக்கிறேன். அழுத்தினால் விரிந்தன, விட்டால் திரும்ப மூடவில்லை. அந்த ரகம் அப்புறம் எனக்குக் கிடைக்கவே இல்லை.

அடுத்து, கட்டைப் பேனாவின் வாய். பிடியின் நுனியைத் திருப்பி உள்ளே பாருங்கள். வெளியே ஒரு வட்ட வளையமும், அதற்குள் இதழ் போல நாலு தகடுகளும் இருந்தால் அது பெரும்பாலான நிப்புகளுக்குப் பொருந்தும் பொதுவான வகை. நிப்பை நடுக்குழியில் செருகுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. வளையத்துக்கும் இதழுக்கும் இடையே உள்ள சந்தில், நிப்பின் வளைவும் வளையத்தின் வளைவும் ஒட்டிப்போகும்படி செருக வேண்டும். சரியாக உட்கார்ந்த நிப்பை விரலால் ஆட்டினால் அசையாது. அசைந்தால் ஒவ்வொரு கோட்டிலும் முனை துள்ளும், மை தெறிக்கும். நிப்பைத் தள்ளும்போது முனையைத் தொடாமல் இரு பக்கத் தோளையும், அதாவது அகன்ற ஓரங்களையும், பிடித்துத் தள்ளுங்கள். உள்ளே துரு இருந்தால் சிறு கம்பித் தூரிகையால் தேய்த்து எடுத்துவிடலாம். இதழ்கள் தளர்ந்திருந்தால் கொஞ்சம் வெளிப்பக்கம் நெம்பிவிடலாம்.

குழாய் மாதிரி முழு வட்டமாக அடி கொண்ட குட்டி நிப்புகள் ஒன்றிரண்டு உங்கள் பெட்டியில் இருக்கக்கூடும். ஹன்ட் 102, கில்லட் 659 ஆகியவை அந்த வகை. அவை சாதாரணப் பிடியில் நிற்காது, தனி ஹோல்டர் வேண்டும்.

மை மொத்தமாக இறங்குகிறதே, அதற்கு வருவோம். நீங்கள் ஃபவுண்டன் பேனா மையைத் தொட்டு எழுதுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அது குழாய் வழியாக ஓடுவதற்காகவே நீர்க்கச் செய்யப்பட்டது. நிப்பின் மேல் தங்காது. கொஞ்சம் கருவேலம் பிசின் கரைசல் சேர்த்தால் தங்கும். ஐந்து மில்லி மைக்கு இரண்டு சொட்டு விட்டுக் கலக்கி எழுதிப் பார்த்து, தேவையென்றால் இன்னொரு சொட்டு. கெட்டியாகிவிட்டால் மயிரிழைக் கோடு வராது. நிப்பின் நடுத்துளை மறையும் அளவுக்கு மட்டும் முக்கி, மைக்கூட்டின் விளிம்பில் லேசாகத் தொட்டுவிட்டு எழுதுங்கள். மெல்லிய கோடுகளுக்கு இரும்பு கலந்த அயர்ன் கால் மைக்கு ஈடில்லை, ஆனால் அமிலம் நிப்பைத் தின்னும். கருமையான, பளபளப்பான எழுத்து வேண்டுமென்றால் சுமி என்ற ஜப்பானியக் கரி மை. அரக்குக் கலந்த இந்தியன் இங்க் நிப்பில் காய்ந்தால் கல்லாகிவிடும். அதைத் தப்பித் தவறியும் ஃபவுண்டன் பேனாவில் ஊற்றாதீர்கள். எந்த மையானாலும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஈரத்துணியில் துடைத்துக்கொண்டே எழுதுவது நல்லது.

முனை குத்துவது பெரும்பாலும் கையின் விஷயம். கூர்முனை நிப்பின் நடுப்பிளவுக்கு இரு பக்கமும் உள்ள இரண்டு கால்களும் கீழ்நோக்கி இழுக்கும்போது அழுத்தத்தில் விரிந்து தடித்த கோடு தரும். மேலே போகும்போது கால்கள் சேர்ந்திருக்க வேண்டும், எடையே இருக்கக் கூடாது. பேனாவை நிமிர்த்திப் பிடித்தால் முனை காகிதத்து நார்களில் மாட்டும், படுக்க வைத்தால் வழுக்கும். இன்னொன்று, விரிந்த இரண்டு காலும் ஒரே அளவில் அழுந்த வேண்டுமென்றால் கோடு போகும் திசையில் நிப் இருக்க வேண்டும். காப்பர்பிளேட் எழுத்தின் சாய்வு வழக்கமாக 55 டிகிரி, ஸ்பென்சீரியன் என்ற அமெரிக்க எழுத்துமுறைக்கு 52. வலக்கைக்காரர் நேரான பிடியைச் சாதாரணமாகப் பிடித்தால் நிப் அந்தத் திசையில் நிற்காது. ஒரு கால் மட்டும் அழுந்தும், கோட்டின் ஒரு ஓரம் சொரசொரப்பாக வரும்.

சாய்வு ஹோல்டர் இதற்காகத்தான். பிடியின் இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பித்தளைத் தகடு நிப்பைத் திருப்பிப் பிடித்துக்கொள்கிறது, மணிக்கட்டைத் திருக வேண்டியதில்லை. கட்டாயம் இல்லை; காகிதத்தை நன்றாகச் சாய்த்து வைத்து நேர்ப் பிடியில் அழகாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வலக்கைக்காரருக்கு என்னிடம் கேட்டால், இருக்கும் காசை நிப்பில் போடுவதற்கு முன் நல்ல சாய்வு ஹோல்டரில் போடுங்கள் என்பேன். இடக்கைக்காரர்களில் பலருக்கு நேர்ப் பிடியே போதும். வாங்கும்போது பித்தளைத் தகடு உள்ளதாகப் பாருங்கள், உங்கள் நிப்பின் அடி அளவுக்கு அதை வளைத்துக்கொள்ளலாம். முழுக்கப் பிளாஸ்டிக்கில் வார்த்ததில் எல்லா நிப்பும் உட்காராது. நிப்பை மாட்டியதும் மேலிருந்து பாருங்கள். பிடியின் நடுக்கோட்டை மனதில் முன்னால் நீட்டினால் நிப்பின் நுனி அந்தக் கோட்டின் மேல் இருக்க வேண்டும். விலகியிருந்தால் நிப்பை உள்ளே தள்ளியோ வெளியே இழுத்தோ சரிசெய்யுங்கள்.

பழகுவதற்கு மட்டும் ஒரு புது ரகம் வாங்கலாம்: நிக்கோ ஜி. மாங்கா எனப்படும் ஜப்பானியச் சித்திரக்கதைகளை வரையும் ஓவியர்களுக்கான நிப் இது. கொஞ்சம் விறைப்பு, ஆனால் முனை வழவழப்பு, கை கனத்தாலும் பொறுத்துக்கொள்ளும். ஸீப்ரா ஜி அதைவிட ஒரு துளி இளக்கம். இவற்றில் கை நிதானப்பட்ட பிறகு லியோனார்ட் பிரின்சிபல், கில்லட் 303, ஹன்ட் 101 போன்ற மென்மையான, கூரிய நிப்புகளுக்குப் போகலாம். முதல் நாளே 303-ஐ மாட்டினால் அது காகிதத்தைக் கிழிக்கும், உங்களுக்கு மனசு விட்டுப்போகும்.

இப்போது பெட்டி. எனக்கு இதில்தான் ஆசை அதிகம். ஒரு பெரிய வெள்ளைத் துணியில் எல்லாவற்றையும் கொட்டி, பொறித்திருக்கும் பெயரையும் எண்ணையும் வைத்துப் பிரியுங்கள். 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வேண்டும். எஃகு நிப் தொழில் 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில்தான் பெருகியது. ஜோசப் கில்லட், வில்லியம் மிட்செல், பெர்ரி என்ற பெயர்கள் அங்கிருந்து வந்தவை. எஸ்டர்புரூக் என்றால் 1858-ல் தொடங்கி அமெரிக்காவின் கேம்டனில் வேரூன்றிய நிறுவனம். பிரான்சில் இந்தத் தொழிலுக்குப் பூலோன்-சுர்-மேர் துறைமுக நகரம், ஜெர்மனியில் பிராவ்ஸ் நிறுவனம்.

பழசு என்பதற்காக எல்லாமே அழகெழுத்துக் கலையான காலிகிராஃபிக்கு உதவும் என்று எண்ண வேண்டாம். அந்தக் காலத்து நிப்புகளில் பெரும்பகுதி பள்ளிக்கூடத்துக்கும் கணக்கெழுதும் அலுவலகத்துக்கும் செய்தவை, வேண்டுமென்றே விறைப்பாக. எது எது என்று கட்டைவிரல் நகத்தில் கண்டுபிடித்துவிடலாம். நிப்பின் முனையை நகத்தின் மேல் வைத்து மெல்ல அழுத்துங்கள். கால்கள் எளிதாக, இரண்டும் ஒரே அளவில் விரிந்து, விட்டதும் சட்டென்று சேர்ந்தால் அது உங்களுக்கான நிப். அசையாமல் நின்றால் அலுவலக ரகம், குறிப்பெழுத வைத்துக்கொள்ளுங்கள். விரிந்தது விரிந்தபடி நின்றால் அதன் ஆயுள் முடிந்தது. லென்ஸில் முனைக்குச் சற்று மேலே பாருங்கள். நல்ல பழைய நிப்புகளில் சாணை பிடித்த மெல்லிய வரிகள் நீளவாக்கிலும் குறுக்கிலும் தெரியும். உலோகத்தைத் தேய்த்து மெலிதாக்கி வளைய விடுவதும், மை அங்கே பிடித்து நிற்க வழிசெய்வதும் அந்த வரிகள்தான். வெளிச்சத்தில் சாய்த்தால் பட்டுத்துணி மாதிரி மின்னும். பார்க்கப் பார்க்க அலுக்காது.

துரு தோளில் மட்டும் புள்ளியாக இருந்தால் எழுதலாம். பிளவிலோ நுனியிலோ இருந்தால் வேண்டாம்.

நுனி தட்டையாக வெட்டப்பட்ட நிப்புகள் இருந்தால் தனியே வையுங்கள். இவை அழுத்தத்துக்கு அல்ல. கோணத்தை மாற்றாமல் பிடித்தால் தடிப்பும் மெலிவும் தானாக வரும், இட்டாலிக் எழுத்துக்கு ஏற்றவை. எண்ணில் ஏமாந்துவிடாதீர்கள். பிராவ்ஸ் பட்டை நிப்பில் எண் என்பது மில்லிமீட்டர் அகலம், எண் கூடினால் அகலம் கூடும். மிட்செல் ரவுண்ட்ஹேண்டிலும் ஸ்பீட்பால் சி வரிசையிலும் நேர்மாறு, எண் கூடினால் அகலம் குறையும். ஸ்பீட்பால் பி வரிசை வட்ட முனை கொண்டது, எந்தப் பக்கம் தள்ளினாலும் மாட்டாது. சுழிகளும் வளைவுகளும் நிறைந்த நம் எழுத்தை, ‘ழ’வையும் ‘ஞ’வையும், எழுத அது அவ்வளவு சுகம்.

சேர்ப்பதா, தீர்ப்பதா? என் கணக்கு இது. ஒரே ரகத்தில் ஒரு டஜனுக்கு மேல் இருந்தால் இரண்டை மாதிரிக்கு எடுத்துவைத்து மற்றவற்றை எழுதுங்கள். ஒன்றிரண்டுதான் இருக்கிறது, அதுவும் கில்லட் பிரின்சிபாலிட்டி, எஸ்டர்புரூக் 356, ஸ்பென்சீரியன் 1 போல எழுதுகிறவர்கள் தேடுகிற ரகம் என்றால், கை தேறும்வரை பொறுத்திருங்கள். அதற்குப் பிறகு கட்டாயம் எழுதிப் பாருங்கள், எழுதுவதற்காகச் செய்த பொருள் அது. நிப்பை ஒரு கிராஸ், அதாவது 144 அடங்கிய பெட்டியாக விற்பது வழக்கம். லேபிளும் ஒட்டும் பிரியாமல் அப்படிப் பெட்டி ஏதாவது இருந்தால் மட்டும் திறக்காதீர்கள், அதன் மதிப்பே அந்த முழுமையில்தான்.

வைத்திருக்கப் போகும் நிப்பின் பூச்சை எடுக்கவே கூடாது. இத்தனை காலம் அதைக் காப்பாற்றியது அந்தப் பூச்சுதான். இன்று எழுதப்போகும் ஒன்றை மட்டும் தேய்த்துக் கழுவுங்கள். சின்ன மூடிப்பெட்டிகளில் ரகவாரியாகப் பிரித்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு, பெயரையும் எண்ணையும் வெளியே எழுதி ஒட்டுங்கள். பஞ்சிலோ ஸ்பாஞ்சிலோ பொதிந்து வைக்காதீர்கள், ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். எழுதி முடித்ததும் நிப்பைப் பிடியிலிருந்து கழற்றிக் கழுவி, அடிப்பக்கமும் உலரத் துடைத்து வையுங்கள். பிடியிலேயே விட்டால் இரண்டும் துருவில் ஒட்டிக்கொள்ளும். உங்களிடம் உள்ள கட்டைப் பேனாக்களில் ஏதாவது ஒன்றில் அப்படி ஒட்டிய நிப் இருந்தால், குறட்டால் பிடித்து இழுப்பதற்கு முன் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி அப்படியே வைத்துவிடுங்கள். காலையில் தோளைப் பிடித்து லேசாக அசைத்தால் பெரும்பாலும் வந்துவிடும்.