கட்டி சுருங்கியது, அப்புறம்?

அன்புள்ள ஐயா,

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், கல்லீரல் வரை பரவிவிட்டது. புதிய மருந்து ஒன்று நோயைக் கட்டுப்படுத்துகிறது என்ற செய்தியை மருத்துவரிடம் காட்டினேன். "ஆதாரம் போதாது" என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார். கோவிட்டுக்குச் சில மாதங்களில் மருந்து கிடைத்தது, புற்றுநோய்க்கு மட்டும் ஏன் இப்படி இழுக்கிறார்கள்? கம்பெனிகளின் சதியா? அந்த மருத்துவருக்கு இரக்கமே இல்லை.

கவிதா

அன்புள்ள கவிதா,

ராத்திரி இரண்டு முறை படித்தேன். அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து ஃபோனில் மருந்து தேடும் மகளை எனக்குத் தெரியும். நானும் அப்படித் தேடியவன்தான், என் அக்காவுக்காக.

சதியை விட்டுவிடுகிறேன், ஆரம்பித்தால் விடிந்துவிடும். கோவிட் விஷயம் எளிது. கோவிட் மருந்துகளைச் சோதித்த பிரிட்டனின் ரெகவரி ஆய்வு 2020 மார்ச்சில் தொடங்கியது, ஜூனிலேயே டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து உயிர் காக்கிறது என்று சொல்லிவிட்டது. வென்டிலேட்டரில் இருந்தவர்களில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் நூற்றுக்கு 41 பேர் இறந்தார்கள். இந்த மருந்தும் பெற்றவர்களில் 29 பேர். ஒவ்வொரு நோயாளியின் கணக்கும் 28 நாளில் முடிந்தது. புற்றுநோயில் அது முடியாது. யார் எவ்வளவு காலம் வாழ்ந்தார் என்று பார்க்க வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குப் பொறுமை இல்லாதபோது வேறொன்றை அளக்கிறார்கள்: கட்டி வளராமல் ஸ்கேனில் எத்தனை மாதம் நின்றது என்று. செய்திகளில் 'நோயைக் கட்டுப்படுத்துகிறது' என்று வந்தால் பெரும்பாலும் அர்த்தம் இதுதான்.

எனக்கு எரிச்சல் வரும் இடமும் இதுதான். பெவாசிஸுமாப் என்று ஒரு மருந்து. பரவிய மார்பகப் புற்றுநோயில் கீமோவுடன் சேர்த்துக் கொடுத்தபோது, நோய் முற்றாமல் நின்ற காலம் ஏறக்குறைய 6 மாதத்திலிருந்து 11 மாதமானது. யாருக்குத்தான் ஆசை வராது? அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் எஃப்.டி.ஏ. 2008இல் விரைவு அனுமதி கொடுத்தது. அடுத்து வந்த ஆய்வுகளில் அந்த லாபமும் இளைத்துப்போனது. மருந்து எடுத்த பெண்கள் கூடுதலாக வாழ்ந்தார்கள் என்று எந்த ஆய்விலும் தெரியவில்லை. ரத்த அழுத்தம், ரத்தக்கசிவு எல்லாம் மிச்சம். 2011இல் மார்பகப் புற்றுநோய்க்கான அனுமதியைத் திரும்பப் பெற்றார்கள். குடல் புற்றுநோய் போன்றவற்றில் அதே மருந்து இன்றும் பயன்படுகிறது, அது வேறு கதை. அந்த மூன்று வருடங்களில் எத்தனை வீடுகளில் ஸ்கேன் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பார்கள் என்றுதான் நான் யோசிப்பேன்.

நாங்களும் சந்தோஷப்பட்டோம். அக்காவின் அறிக்கையில் 4.2 செ.மீ. என்று இருந்தது அடுத்த முறை 2.9 ஆனது. அந்த எண்ணைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினேன். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போய்க்கொண்டிருந்தாள். பாதியில் நின்று, "சுருங்கிடுச்சின்னா எனக்கு ஏண்டா தெரியல?" என்றாள். நான் மறுபடியும் அந்தத் தாளைத்தான் காட்டினேன். அதற்கடுத்த ஸ்கேனுக்கு அவள் இல்லை.

எங்களுக்கு வாய்த்த மருத்துவர் ரொம்ப இரக்கமானவர். கேட்டதையெல்லாம் எழுதிக்கொடுத்தார். அதனால் சொல்கிறேன், 'இரக்கமே இல்லை' என்ற வரியைத் திரும்பப் பெறுங்கள். குடும்பமே கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கும்போது ஆதாரம் போதாது என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும், தெரியுமா? ஒரே வரியில் சொன்னது தப்புதான். உட்காரவைத்துச் சொல்லியிருக்கலாம்.

புது மருந்தெல்லாம் வெத்து என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். ஹெர்2 என்ற புரதம் அதிகமாக உள்ள வகை மார்பகப் புற்றுநோயில் ட்ரஸ்டுஸுமாப் என்ற மருந்து ஆயுளையே நீட்டியது. 2001இல் வெளியான ஆய்வில், வாழ்ந்த காலம் ஏறக்குறைய 20 மாதத்திலிருந்து 25 ஆனது. கட்டி சுருங்கி வலி குறைந்தால் அதுவும் லாபம்தான். உங்கள் மருந்து இதில் எந்த வகை? செய்தியை மட்டும் வைத்துக்கொண்டு என்னால் சொல்ல முடியாது. மருத்துவரிடம் திரும்பப் போய்க் கேளுங்கள். ஆய்வில் எதை அளந்தார்கள், கட்டியையா ஆயுளையா? மருந்து எடுத்தவர்கள் அந்த மாதங்களில் எப்படி இருந்தார்கள்? சண்டைக்குப் போகிற மாதிரி போகாதீர்கள்.

அம்மாவையும் கூட அழைத்துப் போங்கள். இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், அவர் என்ன சொல்கிறார் என்று ஒரு வரிகூட இல்லையே.