எஃப்-35 போர் விமானம் வேண்டாம் என்ற கனடா, அதையே வாங்கியது எப்படி?

"2015-இல் ட்ரூடோ எஃப்-35 ஒப்பந்தத்தை ரத்து செய்தார், பிறகு அவரே வாங்கினார், இதைக் கட்டுரையில் எப்படி விளக்குவது" என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் 'ரத்து' என்பதை அடித்துவிடுங்கள். 2010-இல் ட்ரூடோவுக்கு முந்தைய பிரதமர் ஹார்ப்பரின் அரசு 65 விமானங்கள் வாங்கப்போவதாக அறிவித்ததோடு சரி. கொள்முதல் ஒப்பந்தம் கையெழுத்தாகவே இல்லை. 2015-இல் பிரதமரான ட்ரூடோ கைவிட்டது அந்த அறிவிப்பைத்தான். எஃப்-35-ஐப் பல நாடுகள் சேர்ந்து உருவாக்கும் கூட்டுத் தயாரிப்புத் திட்டத்தில் கனடா நீடித்தது, பங்குத்தொகையும் கட்டிவந்தது. விலகியிருந்தால் உதிரிபாக ஆர்டர்களுக்குக் கனடா நிறுவனங்கள் பங்காளியாகப் போட்டியிட முடியாது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். உங்கள் கட்டுரைக்கு உயிரும் இதுதான்.

இடைக்காலத்துக்குப் போயிங்கின் சூப்பர் ஹார்னெட் போர் விமானங்கள் 18 வாங்கும் யோசனை, கனடா விமான நிறுவனமான பாம்பார்டியர் மீது போயிங் கொடுத்த வர்த்தகப் புகாரால் 2017-இல் சரிந்தது. பதிலுக்கு ஆஸ்திரேலியாவின் பழைய ஹார்னெட்டுகள் வந்தன. நிரந்தரத் தேர்வுக்கு நடந்த திறந்த போட்டியில் ஐரோப்பிய விமானங்களான ரஃபேலும் யூரோஃபைட்டரும் தாமாக விலகின; 2021-இல் போயிங் கழிக்கப்பட்டது. மிஞ்சியவை ஸ்வீடனின் கிரிப்பனும் எஃப்-35-உம். 2023 ஜனவரியில் 88 எஃப்-35 வாங்க முடிவு அறிவிக்கப்பட்டது.

ஐ.எஸ். அமைப்புக்கு எதிரான ஈராக், சிரியா நடவடிக்கையில் ட்ரூடோ செய்த மாற்றத்தையும் 'படை விலகல்' என்று எழுதாதீர்கள். 2016 பிப்ரவரியில் நின்றது ஆறு சிஎஃப்-18 போர் விமானங்களின் குண்டுவீச்சு மட்டுமே. எரிபொருள் நிரப்பும் விமானமும் அரோரா கண்காணிப்பு விமானங்களும் பணியில் தொடர்ந்தன. தரையில் பயிற்சியாளர்கள் கூட்டப்பட்டார்கள்.