எஸ்எஸ்டியை மெய்நிகர் நினைவகமாக வைத்தால் ரேம் வாங்கும் செலவு மிச்சமாகுமா?

மிச்சமாகாது, ஆனாலும் பேஜ் ஃபைல் எஸ்எஸ்டியில்தான் இருக்க வேண்டும். ரேமில் இடம் போதாதபோது தரவை ஒதுக்கி வைக்க விண்டோஸ் வட்டில் வைத்திருக்கும் கோப்புதான் பேஜ் ஃபைல்; இப்படி வட்டையும் ரேம்போலப் பயன்படுத்துவதே மெய்நிகர் நினைவகம். நீங்கள் கேட்டிருப்பவை இரண்டு கேள்விகள். 8 ஜிபி ரேம் உள்ள கணினியில், விண்டோஸின் பேஜ் ஃபைலைப் பழைய ஹார்ட் டிஸ்கிலிருந்து புதிதாகப் போட்ட எஸ்எஸ்டிக்கு மாற்றினால் இன்னொரு 8 ஜிபி வாங்காமல் சமாளிக்கலாமா என்பது ஒன்று. அப்படி மாற்றினால் ஓயாமல் எழுதி எழுதியே எஸ்எஸ்டி சீக்கிரம் தேய்ந்துவிடுமா என்பது மற்றொன்று. கல்லூரி ஆய்வகம் ஒன்றில் கணினிகளைப் பராமரிப்பது என் வேலை என்பதால், மாணவர்களிடமிருந்தும் இதே இரண்டு கேள்விகள் அடிக்கடி வரும்.

ஒரு நிரலுக்குத் தேவையான தரவு ரேமில் இல்லையென்றால், அந்தத் தரவு அடங்கிய 4 கேபி துண்டை, அதாவது 'பக்கத்தை', இயங்குதளம் வட்டிலிருந்து எடுத்து வந்து ரேமில் வைக்கும்வரை நிரல் நின்றுதான் ஆக வேண்டும். மெய்நிகர் நினைவகத்தின் வேகம் என்பது இந்தக் காத்திருப்பின் அளவுதான். ரேமிலிருந்து எடுக்க ஏறத்தாழ 100 நானோ விநாடி ஆகிறது. பரவலாக விற்கும் எஸ்எஸ்டியில் ஏறத்தாழ 100 மைக்ரோ விநாடி. சுழலும் ஹார்ட் டிஸ்கில் ஏறத்தாழ 10 மில்லி விநாடி. ரேமுக்கு 1 விநாடி ஆவதாகக் கணக்கு வைத்தால், எஸ்எஸ்டிக்குக் கால் மணி நேரத்துக்கும் சற்று அதிகமாகும், ஹார்ட் டிஸ்குக்கு ஒரு நாளைக்கும் மேலாகும்.

பெட்டியின் மேல் "விநாடிக்கு 3,500 எம்பி" என்று அச்சிட்டிருப்பதை நம்பி, இது ரேமுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வேகம் பெரிய கோப்பு ஒன்றை வரிசையாகப் படிக்கும்போது கிடைப்பது. நினைவகப் பக்கங்களோ அங்கொன்றும் இங்கொன்றுமாக, ஒன்று வந்து சேர்ந்த பிறகே அடுத்தது கேட்கப்படும் முறையில் வருகின்றன. 100 மைக்ரோ விநாடிக்கு ஒரு 4 கேபி பக்கம் என்றால் விநாடிக்கு 10,000 பக்கங்கள், அதாவது வெறும் 40 எம்பி. ஹார்ட் டிஸ்கில் இதே கணக்கு அரை எம்பியைக்கூடத் தொடாது என்பதால்தான் எஸ்எஸ்டிக்கு மாறியதும் அவ்வளவு பெரிய நிம்மதி தெரிகிறது. ஏறத்தாழ 10 மைக்ரோ விநாடியில் பதில் தந்த இன்டெலின் ஆப்டேன் வட்டுகள் இந்த வேலைக்கென்றே செய்தவை போல இருந்தன. 2022இல் அந்நிறுவனம் அந்தத் தொழிலையே மூடப்போவதாக அறிவித்துவிட்டது.

எங்கள் ஆய்வகத்தின் 8 ஜிபி கணினிகளில் மொபைல் செயலி உருவாக்கும் மென்பொருளும், அதன் எமுலேட்டரும் (கணினிக்குள் ஒரு மொபைலைப் போலவே இயங்கும் நிரல்), பிரௌசரில் பத்துப் பன்னிரண்டு தாவல்களும் ஒன்றாகத் திறந்திருக்கும். ஹார்ட் டிஸ்க் இருந்த காலத்தில் அதன் விளக்கு சிமிட்டுவதை விட்டுவிட்டு நிலையாக எரியத் தொடங்கினால், கிளிக் செய்ததற்குப் பதில் வருவதற்குள் மாணவர் மூன்று முறை கிளிக் செய்திருப்பார். எஸ்எஸ்டி போட்ட பிறகு, நெடுநேரம் தொடாமல் வைத்திருந்த தாவலுக்குத் திரும்பினால் கண நேரத் தயக்கம், அவ்வளவுதான். ஆனால் எமுலேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே செயலியை பில்ட் செய்யச் சொன்னால் (எழுதிய நிரலை இயங்கும் செயலியாக மாற்றச் சொன்னால்) எஸ்எஸ்டியும் கைவிட்டுவிடுகிறது. இரண்டு நிரல்களுக்கும் அந்த நொடியிலேயே தத்தம் பக்கங்கள் தேவைப்படுவதால், ஒன்றுக்காக வெளியே தள்ளிய பக்கத்தை மற்றொன்றுக்காக உடனே திரும்ப இழுக்க வேண்டியிருக்கிறது. சும்மா கிடக்கும் தரவை ஒதுக்கி வைக்க எஸ்எஸ்டி போதும். ஒரே நேரத்தில் புழங்கும் தரவு ரேமை மீறினால் போதாது.

இனி, தேய்மானம். இந்தப் பயம் அளவுக்கு மீறியது என்பது என் கருத்து. விண்டோஸ் 7 வெளிவந்த 2009ஆம் ஆண்டிலேயே அதன் பொறியாளர்கள், பயனர் கணினிகளிலிருந்து திரட்டிய பதிவுகளை ஆராய்ந்து, பேஜ் ஃபைலில் எழுதுவதைவிடப் படிப்பது ஏறத்தாழ 40 மடங்கு அதிகம் என்றும், அதை எஸ்எஸ்டியில் வைப்பதே சரி என்றும் விளக்கியிருந்தார்கள். படிப்பவை பெரும்பாலும் சிறு துண்டுகள், எழுதுபவை பெரும்பாலும் பெரிய துண்டுகள். இரண்டுமே எஸ்எஸ்டிக்கு உகந்தவை. 250 ஜிபி கொள்ளளவுள்ள சாம்சங் 860 ஈவோவுக்கு உற்பத்தியாளர் 150 டிபி வரை எழுத உத்தரவாதம் தந்திருந்தார். எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 20 ஜிபி எழுதினாலும் அந்த எல்லையைத் தொட இருபது ஆண்டுகளாகும். ஒரு செல்லில் நான்கு பிட்களை அடைக்கும் மலிவான க்யூஎல்சி வகை எஸ்எஸ்டிகளில் இந்த எல்லை குறைவு என்பதையும், ரேம் எப்போதும் நிரம்பி வழியும் கணினியில் எழுதும் அளவு பல மடங்கு கூடும் என்பதையும் மறுக்கவில்லை. சந்தேகமிருந்தால் வட்டின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளை நிறுவி, இதுவரை எழுதிய மொத்த அளவை இன்று ஒருமுறையும் ஒரு மாதம் கழித்து ஒருமுறையும் பாருங்கள். பேஜ் ஃபைலுக்குப் பயப்படுபவர்கள் தினமும் கணினியை ஹைபர்னேட் செய்வதைப் பார்த்திருக்கிறேன். ரேமில் உள்ளதைச் சுருக்கி ஜிபி கணக்கில் வட்டில் எழுதும் வேலை அது!

எஸ்எஸ்டியைக் காப்பாற்றுவதாக எண்ணி பேஜ் ஃபைலை முழுவதுமாக நீக்கச் சொல்லும் அறிவுரையைத் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம். நிரல்கள் கேட்கும் நினைவகத்துக்கு விண்டோஸ் முன்கூட்டியே வாக்குக் கொடுக்கிறது. அந்த வாக்குகளின் மொத்தம் ரேமும் பேஜ் ஃபைலும் சேர்ந்த அளவைத் தாண்டக் கூடாது என்பது அதன் விதி. பேஜ் ஃபைல் இல்லையென்றால், கேட்டு வாங்கிவிட்டு இன்னும் பயன்படுத்தாத இடமும் ரேமின் கணக்கில் ஏறுவதால், ரேமில் காலியிடம் இருக்கும்போதே நிரல்கள் நினைவகம் போதவில்லை என்று மூடிக்கொள்ளும். போதாக்குறைக்கு, நிரல் கோப்புகளிலிருந்து ஏற்றிய பகுதிகளைத் தேவைப்படும்போது கைவிட்டு மீண்டும் வட்டிலிருந்தே படிக்கும் வழக்கம் பேஜ் ஃபைல் இல்லாவிட்டாலும் தொடரும்.

அமைப்பது எளிது. சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் மெய்நிகர் நினைவகப் பகுதிக்குச் சென்று, எஸ்எஸ்டிக்கு "சிஸ்டம் மேனேஜ்டு" என்றும் ஹார்ட் டிஸ்குக்கு "நோ பேஜிங் ஃபைல்" என்றும் தேர்ந்தெடுத்து, கணினியை மறுதொடக்கம் செய்தால் முடிந்தது.

ரேம் வாங்குவதா என்பதை அதன் பிறகு முடிவு செய்யுங்கள். ரிசோர்ஸ் மானிட்டரின் மெமரி பகுதியில் "ஹார்ட் ஃபால்ட்ஸ்" என்ற வரைபடத்தை (தேவையான பக்கம் ரேமில் இல்லாமல் வட்டிலிருந்து எடுக்க நேர்ந்த தடவைகளைக் காட்டுவது) திறந்துவைத்து, வழக்கமான வேலையைச் செய்யுங்கள். ஒரு நிரலைத் திறக்கும்போது அது உயர்ந்து இறங்குவது இயல்பு. திறந்த நிரல்களுக்குள்ளேயே வேலை செய்துகொண்டிருக்கையில் விநாடிக்கு நூற்றுக்கணக்கில் நீடித்து நின்றால், நீங்கள் தவிர்க்க நினைக்கும் அந்த 8 ஜிபியை வாங்கிவிடுவதுதான் நல்லது. ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டு, கூட்ட வழியில்லாத மடிக்கணினியாக இருந்தால், எமுலேட்டர் போன்ற கனமான நிரல்களை ஒவ்வொன்றாக இயக்குவதைத் தவிர வேறு வழியில்லை.