பள்ளி மாணவர்களுக்கான தொழில் வழிகாட்டித் தளத்தை எங்கிருந்து கட்டத் தொடங்குவது?

தமிழில் ஒரு தொழில் வழிகாட்டித் தளம் கட்டப்போகிறீர்கள், பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பிள்ளைகளுக்கு முதலில் ஆப்டிட்யூட் தேர்வு வைத்து "உனக்கு இந்த வேலை பொருந்தும்" என்று காட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன், முடிகிற சனிக்கிழமைகளில் கள்ளக்குறிச்சி பக்கம் அரசுப் பள்ளிகளில் மேற்படிப்பு பற்றிப் பேசப் போகிறவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: அந்தத் தேர்வைக் கடைசியில் வையுங்கள், வைக்காமல் விட்டாலும் பரவாயில்லை. முதலில் கட்ட வேண்டியது, எந்த முடிவை எடுத்தால் எந்த வழி அடைபடும், அது எந்தத் தேதியில் அடைபடும் என்கிற தகவல்தான்.

ஏன் என்று ஒரு உதாரணம். ஒரு கலந்தாய்வு உதவி மையத்தில் ஒரு அப்பா பிளாஸ்டிக் ஃபைலை விரித்து மகளின் சான்றிதழ்களை ஒவ்வொன்றாக மேசையில் அடுக்கினார். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், எல்லாம் இ-சேவை மையத்தில் அலைந்து வாங்கி வைத்திருந்தார். "ஆறாவதுலேருந்து பத்தாவது வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல்தான் சார், 7.5-ல வருமா?" என்று 7.5 சதவீத ஒதுக்கீட்டைப் பற்றிக் கேட்டார். வராது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 2020-லும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்றவற்றில் 2021-லும் வந்த அந்த ஒதுக்கீட்டுக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். பத்தில் நல்ல மார்க் வந்ததும், பிளஸ் ஒன்னுக்கு நல்ல இடத்தில் படிக்கட்டும் என்று கடன் வாங்கித் தனியார் பள்ளியில் சேர்த்திருந்தார். கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டும் ஒரு பொறியியல் இடத்துக்கான தகுதி அந்த நாளிலேயே போய்விட்டது, யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவருடைய மகளுக்கு எந்தத் துறை பொருந்தும் என்று எவ்வளவு அருமையான தேர்வு வைத்துச் சொல்லியிருந்தாலும் இந்த இழப்பைத் தடுத்திருக்க முடியாது, பத்தாம் வகுப்பு ரிசல்ட் அன்று திரையில் வரும் ஒரு வரி தடுத்திருக்கும்.

அதனால் தளத்தை மாணவரிடமிருந்து வேலைக்குப் போகிற மாதிரி கட்டாதீர்கள், வேலையிலிருந்து பின்னோக்கி வாருங்கள். ஒரு வேலை, அதற்கு என்ன படிப்பு, அந்தப் படிப்புக்கு என்ன நுழைவுத் தேர்வு, அதற்குப் பிளஸ் ஒன்னில் என்ன குரூப், உடல் தகுதி ஏதாவது உண்டா, எவ்வளவு செலவு, எந்தச் சலுகை. கப்பல் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் சென்னையில்தான் இருக்கிறது, ஆனால் அங்கே மரைன் இன்ஜினியரிங் படிக்க இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் வேண்டும், நிறக்குருடு இருந்தால் கப்பல் ஓட்டும் வேலைக்குத் தேர்வாக முடியாது. நிறக்குருடு இருப்பதே தெரியாத பையன்கள் எத்தனையோ பேர் உண்டு. பத்தாம் வகுப்பிலேயே "கண் பரிசோதனை செய்துகொள், ரயில் ஓட்டுநர் வேலைக்கும் இதே நிபந்தனை உண்டு" என்று சொன்னால் ரயில்வே தேர்வுக்கு வருஷக்கணக்கில் படித்துவிட்டு மருத்துவப் பரிசோதனையில் திரும்பி வருகிற கொடுமை நடக்காது.

அப்புறம் மறுபக்கமும் இருக்கிறது, அதைத்தான் நான் இன்னும் பெரிய எழுத்தில் போடச் சொல்வேன். அடைபட்டதாக நினைக்கிற பல வழிகள் திறந்துதான் கிடக்கின்றன. காமர்ஸ் எடுத்த பிள்ளை ஐந்து வருட சட்டப் படிப்புக்குப் போகலாம், ஹோட்டல் மேனேஜ்மென்ட் போகலாம், நிஃப்ட் எனும் தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனத்தின் டிசைன் படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வு எழுதலாம், இவை எதற்கும் ஃபர்ஸ்ட் குரூப் தேவையில்லை. பத்து முடித்துப் பாலிடெக்னிக் மூன்று வருடம் படித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம், ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் சேரலாம், ஆக ஐடிஐயில் ஃபிட்டராகத் தொடங்கியவருக்கும் இன்ஜினியராக ஒரு நேர்வழி இருக்கிறது. கிராமத்தில் "ஐடிஐ போனா அவ்வளவுதான்" என்று பேசுகிறார்கள். அந்தப் பேச்சுக்கு எதிராக இந்த வழியை ஒரு படமாக வரைந்து காட்டுவது உங்கள் தளம் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவிகளில் ஒன்று.

தேதிகள் விஷயத்தில் கறாராக இருங்கள். நம் ஊரில் மேற்படிப்பு பற்றிய பேச்சே பொதுத்தேர்வு முடிந்த பிறகு, ஏப்ரல் மே மாதங்களில்தான் சூடு பிடிக்கிறது. அதற்குள் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் நுழைவுத் தேர்வு டிசம்பரிலேயே நடந்து முடிந்திருக்கும், பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயினின் முதல் சுற்று ஜனவரியில் முடிந்திருக்கும், நிஃப்ட் விண்ணப்பமும் முடிந்திருக்கும். மே மாதத்தில் இவற்றைப் பற்றி விளக்கி என்ன பயன்? பிளஸ் டூ பிள்ளைக்கு அக்டோபரில் போக வேண்டிய செய்தி இது. ஒவ்வொரு பக்கத்திலும் "இந்தத் தகவல் கடைசியாகச் சரிபார்க்கப்பட்ட நாள்" என்று ஒரு வரி கட்டாயம் போடுங்கள், பழைய கட்டணமும் பழைய தேதியும் ஏழை வீட்டைத்தான் முதலில் அடிக்கும். என் கணக்கில் இந்தத் தகவலைப் புதுப்பிக்க இரண்டு பேரைச் சம்பளத்துக்கு வைப்பது, ஆப்பை அழகாக்குவதைவிட முக்கியமான செலவு.

ஆப்டிட்யூட் தேர்வு மீது எனக்கு ஏன் நம்பிக்கை குறைவு என்றும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெயரில் வைக்கப்படுகிற பல தேர்வுகள் உண்மையில் ஆர்வத்தைக் கேட்கிற தேர்வுகள்தான், மனிதர்களின் விருப்பங்களை ஆறு வகையாகப் பிரித்த ஜான் ஹாலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளரின் பகுப்பை வைத்து எழுதப்பட்டவை. பகுப்பில் தப்பில்லை, கேள்வி கேட்கிற விதத்தில்தான் சிக்கல். "இயந்திரங்களைப் பழுது பார்க்கப் பிடிக்குமா" என்று கேட்டால், வீட்டில் ஸ்க்ரூ டிரைவரையே தொட விடாத பெண் "பிடிக்காது" என்றுதான் டிக் செய்வாள், தளமும் அதை நம்பி மெக்கானிக்கல் பக்கத்தையே அவளுக்குக் காட்டாது. பார்க்காத வேலை மீது ஆர்வம் எப்படி வரும்? அதற்குப் பதில் சின்னச் சின்ன வீடியோக்கள் எடுங்கள். லேப் டெக்னீஷியன் காலை எட்டு மணிக்கு என்ன செய்கிறார், சர்வேயர் வெயிலில் என்ன சுமக்கிறார், சேலத்தில் இருக்கிற இந்திய கைத்தறித் தொழில்நுட்பக் கழகத்தில் படித்தவர் எங்கே வேலை பார்க்கிறார், முதல் சம்பளம் எவ்வளவு. பேசுகிறவர் அந்த மாவட்டத்து அக்காவோ அண்ணனோவாக இருந்தால் பிள்ளைகள் கண்ணெடுக்காமல் பார்க்கிறார்கள், இதை நேரில் பார்த்திருக்கிறேன்.

யார் கையில், எந்தக் கருவியில் ஓடப்போகிறது என்பதையும் யோசியுங்கள். போன் அப்பாவுடையது, இரவு ஏழு மணிக்கு மேல்தான் கையில் கிடைக்கும், அதிலும் தம்பி தங்கை பங்குக்கு வருவார்கள். ஆப் இறக்கச் சொல்லாதீர்கள், வாட்ஸ்அப் லிங்க்கைத் தொட்டால் திறக்கிற எடை குறைந்த பக்கம் போதும். பள்ளியின் ஹைடெக் லேபில் ஆசிரியர் ஒரு வகுப்பு முழுவதற்கும் காட்டக்கூடிய வடிவம் ஒன்று வேண்டும். முக்கியமாக, ஒரே பக்கத்தில் அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகிற தாள் வேண்டும், ஏனென்றால் முடிவெடுப்பது பெரும்பாலும் அப்பாவும் தாய்மாமனும், அவர்கள் உங்கள் தளத்துக்கு வரமாட்டார்கள். திறன் வளர்ப்புக்கும் மேற்படிப்பு வழிகாட்டலுக்கும் அரசின் நான் முதல்வன் திட்டம் 2022 மார்ச்சில் தொடங்கியது, அதன் கீழ் கல்லூரிக் கனவு என்ற வழிகாட்டி நிகழ்ச்சிகளும் நடக்கின்றன. அவற்றோடு போட்டி போடாமல், அங்கே போவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளோடு பிள்ளையை அனுப்புகிற தளமாக இருங்கள்.

வருமானத்துக்குக் கல்லூரிகளிடம் போன் நம்பர் விற்கும் யோசனை யாராவது சொன்னால் அன்றே எழுந்து வந்துவிடுங்கள். ரிசல்ட் வந்த வாரம் முழுவதும் ஏஜென்ட்கள் அழைத்து "இன்னைக்கு அட்வான்ஸ் கட்டினா சீட் உறுதி" என்று மிரட்டுகிற வீடுகள் எனக்குத் தெரியும். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும், குழந்தைகளைக் குறிவைத்து விளம்பரம் காட்டக்கூடாது என்கிறது. பெயரும் நம்பரும் கேட்காமலே தளம் முழுவதையும் பார்க்க முடிய வேண்டும், குரூப், மாவட்டம், படித்த பள்ளி அரசா தனியாரா, இந்த மூன்று கேள்வி போதும்.

கடைசியாக, தோற்ற பிள்ளைகளுக்கு ஒரு பக்கம். பல தளங்களில் இது இருப்பதே இல்லை. துணைத் தேர்வுக்கு எப்படி விண்ணப்பிப்பது, தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் எப்படிச் சேர்வது, எட்டாம் வகுப்புத் தேர்ச்சியோடு ஐடிஐயில் சேரக்கூடிய வெல்டர், ஒயர்மேன் போன்ற பிரிவுகள் எவை, பேசுவதற்குக் கல்வித் துறையின் 14417 எண். இந்தப் பக்கத்தைத் தள்ளிப்போடாமல் எழுதி முடியுங்கள், ரிசல்ட் வெளியாகும் காலையில் அது முகப்பிலேயே, மார்க் எடுத்தவர்களுக்கான பக்கத்துக்குச் சமமான அளவில் இருக்கட்டும்.