ஊசல் சோதனையில் கனமான குண்டுக்கு அலைவு நேரம் (ஒருமுறை போய்வர ஆகும் நேரம்) ஏன் கூடுகிறது?

கூடியது நிறையால் அல்ல, நீளத்தால். குண்டுகளை மாற்றி மாற்றித் தொங்கவிட்ட உங்கள் சோதனையில், நூலை 50 செ.மீ. என்று மாறாமல் வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஊசலின் நீளம் தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் மையம் வரை. பெரிய குண்டின் மையம் 2 செ.மீ. கீழே போனாலே 20 அலைவுகளுக்கு அரை வினாடிக்கு மேல் கூடிவிடும். கட்டுப்பாட்டு மாறி (சோதனை முழுக்க மாறாமல் வைக்க வேண்டிய அளவு) என்று நீங்கள் நம்பிய நீளம், நிறையோடு சேர்ந்து தானும் மாறியிருக்கிறது.

1. வெர்னியர் அளவியால் (சிறு நீளங்களைத் துல்லியமாக அளக்கும் கருவி) குண்டின் விட்டத்தை அளந்து, ஆரத்தையும் கொக்கியின் நீளத்தையும் நூலோடு கூட்டுங்கள்.
2. ஒவ்வொரு குண்டுக்கும் மொத்தம் 50 செ.மீ. வரும்படி நூலைச் சுருக்குங்கள்.
3. 20 அலைவுகளை மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள்.

வேறுபாடு மறையாவிட்டால் கோணத்தைப் பாருங்கள். எல்லாக் குண்டுகளையும் 10 டிகிரிக்குள், ஒரே கோணத்தில் விட வேண்டும். 30 டிகிரியில் விட்டால் அலைவு நேரம் ஏறத்தாழ 1.7 சதவீதம் கூடும்.