பழைய சிறு பாய்மரப் படகின் சுக்கான் ஆடுகிறது. சரிசெய்வதா, புதிதாக வாங்குவதா?

பிடியைத் திருப்பினால் சுக்கான் சற்றுத் தாமதித்தே திரும்புகிறது என்றும், சுக்கான் பலகையின் ஓரத்தில் நீளவாக்கில் விரிசல் இருக்கிறது என்றும், படகைக் கரையேற்றி இரண்டு நாள் ஆன பிறகும் அதிலிருந்து பழுப்பு நீர் கசிகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த மூன்றும் சேர்ந்திருந்த ஒரு சுக்கானை நானே பிரித்துச் சரிசெய்து இன்றுவரை பயன்படுத்தி வருகிறேன். எனவே, உள்ளே இருக்கும் மரத்தைப் பார்க்காமல் புதியதை வாங்கிவிட வேண்டாம்.

முதலில் ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று கண்டறியுங்கள். ஒருவர் பலகையின் அடிமுனையைப் பிடித்துப் பக்கவாட்டில் மெல்ல அசைக்க, இன்னொருவர் ஒவ்வோர் இணைப்பின் மீதும் விரலை வைத்துப் பார்த்தால் போதும். பிடி பொருந்தும் இடம், பலகையைத் தூக்கி இறக்கும் சுழல் போல்ட், சுக்கானைப் படகோடு கீல் போல இணைக்கும் முளையும் வளையமும் சேரும் இடம், வளையம் படகின் பின்பலகையில் பொருத்தப்பட்டிருக்கும் இடம் ஆகிய நான்கில் கடைசியானதுதான் கவலைக்குரியது. அங்கே அசைவு தெரிந்தால் பின்பலகைக்குள் இருக்கும் மரம் ஊறி மென்மையாகியிருக்கக்கூடும். நான் அதை அறியாமல் ஒரு பருவம் முழுவதும் நட்டுகளை இறுக்கிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு முறை இறுக்கியபோதும் ஊறிய மரம் மேலும் நசுங்கியதே தவிர, ஆட்டம் நிற்கவில்லை.

இனி கசிவுக்கு வருவோம். கண்ணாடியிழை போர்த்திய பிளைவுட் பலகையில் தண்ணீர் பெரும்பாலும் போல்ட் துளைகள் வழியாகவே உள்ளே செல்கிறது. விரிசல் பல சமயம் அதன் விளைவுதான். சிறிய சுத்தியலால் பலகை முழுவதையும் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலிக்காமல் மந்தமாக ஒலிக்கும் பகுதியைச் சுண்ணக்கட்டியால் குறித்து, அதன் கீழ்முனையில் சிறிய துளையிட்டு நீரை வடியவிடுங்கள். துளையிடும்போது வரும் மரத்தூள் வெளிர்நிறமாகவும் உறுதியாகவும் இருந்தால் வாரக்கணக்கில் உலரவிட்டுக் காப்பாற்றலாம். கறுத்து, விரலால் நசுக்கினாலே பொடியாகிறது என்றால், பழைய பலகையை அச்சாக வைத்துப் புதிய மரைன் பிளைவுட்டில் வெட்டிக்கொள்வதே நல்லது.

நன்கு உலர்ந்த பின் துளைகளைச் செப்பனிடும் முறையில்தான் இந்த வேலையின் ஆயுள் அடங்கியிருக்கிறது. போல்ட் 8 மில்லிமீட்டர் என்றால் துளையை 12 அல்லது 14 மில்லிமீட்டருக்குப் பெரிதாக்கி, பின்பக்கத்தை நாடாவால் அடைத்து, சிலிக்கா தூள் கலந்து கெட்டியாக்கிய எபாக்சியால் (இரு பகுதிகளைக் கலந்தால் இறுகும் பசை) நிரப்பி, அது முழுவதும் இறுகிய பிறகு நடுவில் மீண்டும் 8 மில்லிமீட்டர் துளையிட வேண்டும். அப்போது போல்ட்டைச் சுற்றி எபாக்சிச் சுவர் நிற்கும். பின்னாளில் அடைப்புப் பசை தளர்ந்தாலும் நீர் மரத்தைத் தொடாது. பாலியெஸ்டர் ரெசின் விலை குறைவுதான் என்றாலும், பழைய பரப்பின் மீது எபாக்சி அளவுக்கு அது ஒட்டாது என்பதால் இங்கே நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். இறுகிய எபாக்சியின் மேல் மெழுகு போன்ற படலம் படியக்கூடும். தேய்ப்பதற்கு முன் தண்ணீரால் நன்கு கழுவிவிடுங்கள். வெயில் எபாக்சியைச் சிதைக்கும் என்பதால் இறுதியில் பெயின்ட் அவசியம்.

முளைகளையும் வளையங்களையும் முற்றிலும் கழற்றியே பாருங்கள். துருப்பிடிக்காத எஃகும் காற்றுப் படாத ஈரத்தில், குறிப்பாகப் பசைக்கு அடியில், வெளியே தெரியாமல் அரிக்கப்படும். மேற்பரப்பின் பளபளப்பை நம்ப முடியாது. வளையத்துக்குள் இருக்கும் புஷ் (முளை சுழலும் சிறு பிளாஸ்டிக் குழல்) மட்டும் தேய்ந்திருந்தால் அதை மாற்றினாலே ஆட்டம் தீரும். நைலான் நீரில் சற்று உப்பி முளையை இறுக்கிவிடும் என்பதால் நான் அசிட்டால் எனும் கடினப் பிளாஸ்டிக் புஷ்களையே போடுகிறேன். திரும்பப் பொருத்தும்போது எல்லா வளையங்களிலும் ஒரே நேரான கம்பியைச் செருகி, அது தடையின்றிச் சுழல்வதை உறுதிசெய்த பிறகே போல்ட்டுகளை இறுக்குங்கள். அச்சு விலகினால் புதிய புஷ்ஷும் விரைவில் தேயும். பின்பலகையின் உட்புறம் அகலமான தாங்குதகடு ஒன்று வையுங்கள்.

தூக்கி இறக்கும் பலகை முழுவதுமாக இறங்கி நிற்கிறதா என்பதையும் பாருங்கள். அது பின்னோக்கிச் சாய்ந்து நின்றால் நீரின் அழுத்தம் அச்சிலிருந்து விலகி விழுவதால் பிடி மிகவும் கனக்கும். பலரும் இதைப் பாயின் குறை என்று எண்ணிவிடுகிறார்கள். கடைசியாக, படகு கவிழ்ந்தால் சுக்கான் வளையங்களிலிருந்து நழுவி மிதந்து போகாமல் தடுக்கும் சிறு தகட்டுக் கிளிப் பழைய படகுகளில் பெரும்பாலும் வளைந்தோ உடைந்தோ இருக்கும். அதைப் புதிதாகப் பொருத்தி, சுக்கானைக் கையால் மேலே தூக்கிப் பார்த்து, அது கழன்று வராதபோது மட்டுமே படகை நீரில் இறக்குங்கள்.