வாசகர் கேள்வி–பதில்: நிலம் பார்க்கும் முன்னால்

கேள்வி: நாங்கள் எட்டுக் குடும்பங்கள், பல வருட நண்பர்கள். ஒரே இடத்தில் நிலம் வாங்கி, பொதுச் சமையலறை வைத்துச் சேர்ந்து வாழலாம் என்று இரண்டு வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். இதைத்தான் 'இன்டென்ஷனல் கம்யூனிட்டி' என்கிறார்களா? அப்படியென்றால் எல்லோர் சம்பளத்தையும் ஒரே பெட்டியில் போட வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. தற்செயலாக அடுத்தடுத்து வீடு அமைந்தால் அது அக்கம்பக்கம். இன்ன மாதிரி வாழ்வோம் என்று பேசி முடிவெடுத்துச் சேர்ந்தால் அதுதான் நீங்கள் கேட்ட 'இன்டென்ஷனல் கம்யூனிட்டி'. எவ்வளவு பொது, எவ்வளவு சொந்தம் என்பது உங்கள் இஷ்டம். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1967-இல் தொடங்கிய ட்வின் ஓக்ஸ் என்ற கூட்டுக் குடியிருப்பில் வருமானம் பொது. ஆளுக்கு வாரம் சுமார் 40 மணி நேர வேலை, டோஃபு தயாரித்தாலும் சரி, பாத்திரம் கழுவினாலும் சரி, குழந்தையைப் பார்த்துக்கொண்டாலும் சரி, ஒரு மணி நேரம் ஒரு மணி நேரமாகவே கணக்கில் ஏறும். டென்மார்க்கில் 1970-களில் வேர்விட்ட கோஹவுசிங் இதற்கு நேர் எதிர்: அவரவர் வீடு, அவரவர் சம்பளம், வீட்டுக்குள்ளேயே அடுப்பும் உண்டு, ஆனால் நடுவே ஒரு பொது வீடு, முறை வைத்துச் சமைத்துச் சேர்ந்து சாப்பிட.

உங்கள் கடிதத்தைப் பார்த்தால் இரண்டாவதுதான் உங்கள் மனதில் இருக்கிறது. மற்ற ஏழு குடும்பங்களின் மனதிலும் அதுவேதானா? வாரத்தில் எத்தனை நாள் சேர்ந்து சாப்பாடு, வீட்டுக்கு வரும் உறவினர் எத்தனை நாள் தங்கலாம் என்று ஆளுக்கொரு தாளில் தனித்தனியாக எழுதிப் பிரித்துப் பாருங்கள். கணவனும் மனைவியுமே இரண்டு விதமாக எழுதியிருப்பார்கள், பந்தயம்.

கேள்வி: சரி, முதலில் நிலம் பார்க்கலாமா?

பதில்: கடைசியில் பாருங்கள். முதலில் பேச வேண்டியது, ஒரு குடும்பம் வெளியேறினால் என்ன செய்வது என்பதை. ஆறு வருடம் கழித்து ஒருவருக்கு வேறு ஊரில் வேலை, அல்லது விவாகரத்து. தன் பங்கைக் கேட்கிறார். போட்ட விலையா, அன்றைய விலையா? யார் தருவது, எத்தனை தவணையில்? மற்றவர்களிடம் காசு இல்லையென்றால் வெளியாளுக்கு விற்கலாமா, அந்த வெளியாளை உங்களுக்குப் பிடிக்கவில்லையென்றால்? அறக்கட்டளை, கூட்டுறவுச் சங்கம், கம்பெனி என எந்தச் சட்ட வடிவத்தை எடுக்கிறீர்களோ அதைப் பொறுத்து பதில் மாறும். அறக்கட்டளைக்குக் கொடுத்த பணம் பொதுவாகத் திரும்பி வராது. நட்பில் இதையெல்லாம் எழுதுவது அசிங்கம் என்று யாராவது சொன்னால், அவரையே எழுதச் சொல்லுங்கள்.

யாரைச் சேர்ப்பது என்பதற்கும் விதி வேண்டும். 1825-இல் பிரிட்டிஷ் ஆலை முதலாளியும் சமூகச் சீர்திருத்தவாதியுமான ராபர்ட் ஓவன் அமெரிக்காவின் இண்டியானாவில் ஒரு ஊரையே விலைக்கு வாங்கி, நியூ ஹார்மனி என்று பெயர் வைத்து, வருகிறவர்கள் எல்லாம் வரலாம் என்றார். நூற்றுக்கணக்கில் வந்தார்கள். உழைக்க வந்தவர்களும் பேச வந்தவர்களும் சரிசமமாக உட்கார்ந்து சாப்பிட்டால் என்ன ஆகும்? இரண்டே வருடத்தில் முடிந்துபோனது. அந்தத் தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

நிலத்துக்கு முன்னால் இன்னொன்று: வாடகைக்கு ஒரு பெரிய வீடு எடுத்து, ஒரு மாதம் எல்லோரும் இருந்து பாருங்கள். சுற்றுலா மாதிரி வேண்டாம், வேலைக்கும் பள்ளிக்கும் போய்க்கொண்டு. இரவு பத்தரை மணிக்கு, அடிப்பிடித்த குக்கர் தண்ணீர் ஊற்றி ஊறவைத்தபடி சிங்க்கில் கிடக்கும். யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவர் முணுமுணுத்துக்கொண்டே தேய்ப்பார், ஒருவர் மறுநாள் வரை விட்டுவைப்பார், ஒருவர் போய் நேராகக் கேட்பார். அந்த மூன்றாவது ஆள் உங்களில் ஒருவராவது இருக்கிறாரா என்று பாருங்கள்.

கேள்வி: எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் எந்த முடிவும் என்று வைத்திருக்கிறோம். சரிதானே?

பதில்: எட்டுக் குடும்பத்துக்கு நடக்கும். ஆனால் ஒரே ஒருவர் 'முடியாது' என்றால் எல்லாமே நின்றுவிடும், அதைச் சிலர் ஆயுதமாகப் பிடித்துக்கொள்வார்கள். இரண்டு கூட்டம் போட்டும் முடிவாகவில்லையென்றால் முக்கால்வாசிப் பேர் ஆதரித்து வாக்களித்தால் போதும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: குழந்தைகளைப் பொதுவாக வளர்க்கலாமா?

பதில்: பார்த்துக்கொள்வது பொதுவாக இருக்கட்டும், தூங்குவது அவரவர் வீட்டில். இஸ்ரேலின் கிப்புட்ஸ்கள் என்ற கூட்டு வாழ்க்கைக் கிராமங்கள் பலவற்றில் குழந்தைகள் இரவிலும் தனிக் கட்டடத்தில் தூங்கினார்கள். கடைசியில் பெற்றோர்களே, முக்கியமாக அம்மாக்கள், அதைக் கைவிட வைத்தார்கள்.